புறங்கையில கறுத்த கோடு, காரணம் தேசிக்காய்

மூண்டு கிழமையா புறங்கையில எரிச்சல், பேந்து கறுத்த கோடு கோடா வந்திட்டுது. கச்சான் தோட்டத்து வெய்யில் எண்டு நினைச்சு நீட்டுக்கை சேட்டு போட்டன், கிறீம் பூசினன், சவுக்காரமும் மாத்தினன், சரிவரேல்ல.

ஒருநாள் வடிவாப் பாத்தா கோடெல்லாம் ஏதோ தண்ணி வழிஞ்ச மாதிரி மணிக்கட்டுப் பக்கமாப் போகுது. அப்பதான் பிடிபட்டுது, காலமை ஊறுகாய்க்குத் தேசிக்காய் வெட்டிப்போட்டு கையைச் சும்மா நனைச்சுக்கொண்டு அப்பிடியே முள்ளியவளைத் தோட்டத்துக்கு இறங்கிறனான். தேசிச்சாறு தோலில கிடக்க வெய்யில்ல இருக்கிற யூவீஏ எண்ட கண்ணுக்குத் தெரியாத கதிர் பட்டா சுட்ட மாதிரிப் பொங்கும், அதுவும் உடன இல்ல, அடுத்த நாள்தான் எரியும், அதாலதான் இவ்வளவு நாளும் தெரியேல்ல.

இப்ப பொழுதுபட்டாப் பிறகுதான் வெட்டிறது, முழங்கை வரை சவுக்காரம் போட்டுக் கழுவிறது. புதுக்கோடு வரேல்ல. பழசு மங்க மாசக்கணக்காகுமாம், ஆறாத புண்ணோ வளருற மச்சமோ எண்டா உடன காட்டச் சொல்லி டொக்டர் சொன்னவர்.