டைப் சேர்த்ததும் ராக்கெட் நிரல் ஊர்கிறதா? எல்லையை நகர்த்துங்கள்

ராக்கெட் (Racket) என்ற நிரல்மொழியில் எழுதிய புதிர்ப்பாதை விளையாட்டு ஒன்றில், கட்டங்களை வைத்திருக்கும் மாட்யூலை (நிரலின் ஒரு கோப்பை) மட்டும் டைப்ட் ராக்கெட்டுக்கு, அதாவது ஒரு மதிப்பு எண்ணா, சரமா என்று டைப் குறிக்கும் வடிவத்துக்கு, மாற்றினேன். பிழை ஏதும் வரவில்லை. ஆனால் படம் நகரவே மாட்டேன் என்றது. 2016-இல் வந்த ஓர் ஆய்விலேயே, பாதிக்கு டைப் போட்டு மீதியை விட்டுவைத்த கலவைகளில் சில 100 மடங்குக்கு மேல் மெதுவாகியிருக்கின்றன.

முதலில் அளந்து பாருங்கள். ராக்கோ மேக் (raco make) கட்டளையால் நிரலைத் தொகுத்துவிட்டு டெர்மினலில் ஓட்டுங்கள். ராக்கெட்டின் எடிட்டரான டாக்டர்ராக்கெட் பிழைதிருத்த வசதிகளோடு ஓட்டுவதால் கணக்கு தப்பும்.

அடுத்து ராக்கோ கான்ட்ராக்ட்-ப்ரொஃபைல் (raco contract-profile) கட்டளை. டைப் உள்ள மாட்யூலுக்கும் இல்லாத மாட்யூலுக்கும் நடுவே எந்த எல்லையில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டிவிடும். இந்த வேலைக்கு நான் வேறு ப்ரொஃபைலரைத் தொடுவதில்லை.

இனிதான் நான் மாட்டிக்கொண்ட இடம். என் கட்டம் வெக்டருக்குள் வெக்டர் (வெக்டர் என்பது மதிப்புகளை இடவாரியாக வைக்கும் பட்டியல்). டைப் இல்லாத பக்கத்துக்கு அது போகும்போது ஒரே முறை சோதித்துவிட்டுப் போதும் என்று விட முடியாது. அங்கே பிறகு யாராவது எண் இருந்த இடத்தில் சரத்தை (எழுத்துத் தொடரை) போடலாமே. அதனால் ராக்கெட் தொடும்போதெல்லாம் சோதிக்கும் ஓர் உறை மாட்டி அனுப்புகிறது. உள்ளே ஒரு வரிசையை எடுத்தால் அதற்கும் அந்த நேரத்திலேயே புது உறை. ஒவ்வொரு சதுரத்துக்கும் வரிசையைப் புதிதாக எடுத்து 40-க்கு 40 கட்டத்தை ஒரு தடவை வரைந்தால் 1,600 முறை இது நடக்கும்.

சரி, என்ன செய்வது? வரையும் லூப் இருந்த மாட்யூலுக்கும் டைப் போட்டேன். டைப் உள்ள இரண்டு மாட்யூல்களுக்கு நடுவே உறையே கிடையாது. அப்படி மாற்ற முடியாவிட்டால் வெக்டரை வெளியே விடாதீர்கள். இடத்தைச் சொன்னால் எண்ணைத் தரும் ஒரு ஃபங்ஷனை மட்டும் கொடுங்கள். எண்ணைச் சோதிப்பது மலிவு.

இரண்டுக்கும் வழியில்லையென்றால் டைப்ட் கோப்பின் முதல் வரியில் டைப்ட்/ராக்கெட்/ஷாலோ (typed/racket/shallow) என்று மாற்றுங்கள். உறை போகும், ‘இது வெக்டரா?’ என்ற மேலோட்டச் சோதனை மட்டும் இருக்கும். ஆனால் அந்தச் சோதனை டைப் உள்ள நிரல் முழுக்கப் பரவிவிடும். எல்லா மாட்யூலுக்கும் டைப் வந்தபின் பழைய முறைதான் வேகம், அப்போது திரும்பிவிடுங்கள்.

பின்சேர்க்கை: ‘ஒரே ஸ்ட்ரக்ட்தான், ஆனால் டைப் பொருந்தவில்லை என்கிறது’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஸ்ட்ரக்ட் என்பது பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு. டைப் இல்லாத கோப்பிலுள்ள ஸ்ட்ரக்டை இரண்டு கோப்புகள் தனித்தனியே, டைப் கொடுத்து இறக்கும் ரெக்வயர்/டைப்ட் (require/typed) வழியாக இழுத்தால், ராக்கெட்டுக்கு அவை இரண்டு வேறு டைப்கள். இழுப்பதற்கென்றே ஒரு சின்ன டைப்ட் கோப்பு வையுங்கள். மற்றவை எல்லாம் அதிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும்.