சிகிச்சை முடிந்தாலும் அந்தப் பக்கக் கையை மறந்துவிடாதீர்கள்

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆனபோது, என் மதினிக்கு வலது கை வளையல் இறுக ஆரம்பித்தது. உடம்பு போட்டிருக்கும் என்றே நினைத்தோம். ஆனால் அது, அக்குளில் நிணநீர்க் கணுக்களை (உடம்பின் நிணநீரை வடிகட்டும் சின்னச் சின்ன முடிச்சுகள்) எடுத்ததால் வந்த வீக்கம். வருஷங்கள் கழித்தும் இது வரலாம்.

மாதம் ஒருமுறை தையல் டேப்பால் இரண்டு கைகளையும் ஒரே இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். ஜாக்கெட் கை பிடித்தாலே டாக்டரிடம் காட்டிவிடுங்கள், சீக்கிரம் பார்த்தால் கட்டுப்படுத்துவது எளிது. ஊசி, ரத்தப் பரிசோதனை, பிரஷர் எல்லாம் மறு கையில் பார்க்கச் சொல்லுங்கள். நம் நெல்லைப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். இலை வெட்டும்போது கத்தரி லேசாகக் கீறினாலும் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வீக்கம் வந்துவிடுமோ என்று பயந்து கையை அசைக்காமல் வைத்திருக்கவும் கூடாது. சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்யுங்கள்.

அப்புறம், புற்றுநோய் திரும்ப வராமல் இருக்க தமாக்சிபென் மாதிரி ஹார்மோன் மாத்திரை தந்திருந்தால் பொதுவாக 5 வருடம், சிலருக்கு 10 வருடம். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நீங்களாக நிறுத்தவே வேண்டாம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதல் 3 வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு செக்கப், வருடம் ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). வள்ளியூரிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுகிறவர்கள், பயாப்சி ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.