தாள் சுற்றத் தேவையில்லாத பரிசுப் பெட்டி

தீபாவளிப் பலகாரம் கொடுக்கும் பெட்டிக்கு மேலே வண்ணத்தாள் சுற்ற வேண்டியதில்லை. கோலத்தையோ மாவிலைத் தோரணத்தையோ, அட்டை தட்டையாக இருக்கும்போதே அதன் வெளிப்புறத்தில் வரைந்துவிட்டால், மடித்ததும் பெட்டியே அலங்காரமாகிவிடும். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை, கிராமில்) வரை கனமுள்ள அட்டை இதற்கு ஏற்றது.

மடிப்புக்கோடுகளில்தான் முழுக் கவனமும் வேண்டும். மை தீர்ந்த பேனாவின் முனையை அளவுகோலை ஒட்டி அழுத்தி இழுத்து, மெல்லிய பள்ளம் விழுந்த பிறகே மடித்தால், அட்டை வெடித்து வெள்ளை தெரியாது. விளிம்பும் நேராக நிற்கும். தனி மூடி வைப்பதானால் அதை அடிப்பெட்டியைவிட 2 மில்லிமீட்டர் அகலமாக வெட்டுங்கள்.

பசையைத் தவிர்த்து, செருகும் மடல்களையே அமைப்பது நல்லது என்பேன். பெறுபவர் பெட்டியைத் தட்டையாக்கி எடுத்துவைக்கலாம், சிங்கப்பூரின் ஈரக்காற்றில் ஒட்டு விடுமோ என்ற கவலையும் இல்லை. முறுக்கின் எண்ணெய் அட்டையில் ஊறினால் அதை நீல மறுசுழற்சித் தொட்டியில் போடக்கூடாது என்பதால், உள்ளே எண்ணெய் ஊறாத பேக்கிங் (baking) தாள் விரிக்க மறக்காதீர்கள்.