போர்டில் அச்சிட்ட எழுத்துகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பழுதுபார்ப்பு மேசைக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் ஒருவர், சென்ற மாதம் ஒரு பழைய அமெரிக்க அளவீட்டுக் கருவியைத் திறந்தார். கருகிப்போன ஓர் இடத்தின் அருகே ‘வி.ஆர்.2’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டதும், திருகி அளவை மாற்றும் சிறு ரெசிஸ்டரான பிரீசெட் வைத்திருக்கும் டப்பாவுக்குக் கை நீட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் என் கையும் அதே டப்பாவுக்குத்தான் போனது. ஆர் என்றால் ரெசிஸ்டர், சி என்றால் கப்பாசிட்டர் என்பதில் எவரும் இடறுவதில்லை. இடறும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து என்றே நம்புவது

மின்னோட்டத்துக்கு ‘ஐ’ என்ற எழுத்து, ஆம்பியர் எழுதிய பிரெஞ்சு மொழியில் செறிவைக் குறிக்கும் ‘இன்டென்சிட்டே’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த எழுத்து போய்விட்டதால் கம்பிச்சுருளான இண்டக்டருக்கு ‘எல்’ அமைந்தது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தபோது, அதன் முதல் எழுத்து ஏற்கெனவே டிரான்ஸ்ஃபார்மரிடம் இருந்தது; வெற்றிடக் குழாய்க்கு ‘வி’ வழங்கிவந்தது. டிரான்சிஸ்டருக்கு நிலைத்தது ‘க்யூ’. இதைக் குவார்ட்ஸ் என்று படித்து, கிரிஸ்டலைத் தேடுபவர்களை இன்றும் பார்க்கிறேன். கிரிஸ்டலுக்கு உரிய எழுத்து ‘ஒய்’.

வி.ஆர். என்றாலே வேரியபிள் ரெசிஸ்டர் என்று கொள்வது

ஜப்பானிய ஆம்ப்ளிஃபயர்களைப் பார்த்துத் தொழில் கற்றவர்களுக்கு, வி.ஆர். என்பது ஒலியளவைத் திருகும் பொட்டன்ஷியோமீட்டர்தான். அமெரிக்க வழக்கு வேறு. மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. 1975இல் வெளியிட்ட 200 என்ற தரநிலையிலும், அதன் இடத்துக்கு 2008இல் வந்த, இயந்திரப் பொறியாளர் அமைப்பான ஏ.எஸ்.எம்.இ.யின் தரநிலையிலும், பொட்டன்ஷியோமீட்டரும் வெறும் ‘ஆர்’தான், வி.ஆர். என்பது வோல்டேஜ் ரெகுலேட்டர். மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் செனர் டயோடு வருவதற்கு முன் அதன் வேலையைச் செய்த வாயுக் குழாய்களின் பெயர்களே வி.ஆர்.75, வி.ஆர்.105, வி.ஆர்.150 என்பவை, எழுத்தை அடுத்து வரும் எண், குழாய் நிலைநிறுத்தும் வோல்ட். பிற்காலத்தில் செனர் டயோடுகளின் பக்கத்திலும் அதே இரண்டு எழுத்துகள் அச்சாயின.

இதை அறியாமல், ஒரு வாடிக்கையாளரின் 5 வோல்ட் பவர் சப்ளையில், எரிந்து உதிர்ந்துபோன வி.ஆர்.1 இருந்த இடத்தில் ஒரு பிரீசெட்டைப் பற்றவைத்தேன். போர்டில் இரண்டே துளைகள் இருந்தன. பிரீசெட்டுக்கு மூன்று கால்கள். கரியைத் துடைத்திருந்தால் டயோடின் கேத்தோடு முனையைக் காட்டும் கோடும் தெரிந்திருக்கும். நானோ மூன்றாவது காலை நடுக்காலோடு சேர்த்து முறுக்கி, இரண்டு துளைக்குள் திணித்தேன். திருகியதும் மல்டிமீட்டர் சரியாக 5 வோல்ட் காட்டியது; அந்த அளவீடுதான் என்னை ஏமாற்றியது. உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தன் வோல்ட்டை விடாமல் பிடித்துக்கொள்வது செனரின் வேலை. பிரீசெட்டுக்கு அந்தப் பிடி கிடையாது. வரவு ஏறினால் அதன் குறுக்கே உள்ள வோல்ட்டும் ஏறும், அதை ஒப்பீட்டு அளவாகக் கொண்ட வெளியீடும் கூடவே ஏறும். மாலையில் தாழ்ந்து கிடந்த மின்சாரம் நள்ளிரவில் 250 வோல்ட்டுக்கு உயர, 5 வோல்ட் 7ஐத் தாண்டியது. அந்த சப்ளையில் ஓடிக்கொண்டிருந்த டி.டி.எல். என்ற டிஜிட்டல் வகை ஐ.சி.களின் உச்ச வரம்பே 7 வோல்ட்தான். விடிந்தபோது 11 ஐ.சி.கள் செத்திருந்தன. அத்தனைக்கும் நான் பணம் கொடுத்தேன். சில ரூபாய் செனர் ஒன்றுக்காக நேர்ந்த அந்த இழப்பை நினைத்தால் இன்றும் மனம் எரிகிறது.

ஆகவே வி.ஆர். என்று கண்டால், முதலில் கருவி எந்த நாட்டு வழக்கில் வரையப்பட்டது என்று பாருங்கள். அதே போர்டில் நன்றாக இருக்கும் ஒரு பொட்டன்ஷியோமீட்டரின் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்பதைக் கண்டாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அங்கே ‘ஆர்’ இருந்தால் பிரீசெட் டப்பாவை மூடிவிடுங்கள்.

சி.ஆர். என்பதைக் கப்பாசிட்டராகப் படிப்பது

அது டயோடு, கிரிஸ்டல் ரெக்டிஃபயர் என்ற பழைய பெயரின் சுருக்கம்.

எல் என்பதை லேம்ப் என்று படிப்பது

அமெரிக்கச் சுற்றுப்படங்களில் விளக்குக்கு டி.எஸ்.

யூ என்பதைப் பிரித்துப் பார்க்க முயல்வது

அமெரிக்கத் தரநிலையில் கழற்றிப் பிரிக்கக்கூடிய தொகுப்புக்கு ‘ஏ’, பிரிக்க முடியாததற்கு ‘யூ’. ஐ.சி.களுக்கு ‘யூ’ வந்தது இதனால்தான். பிசினில் வார்த்து மூடிய சிறு மாடியூலுக்கும் இதே எழுத்து வரும். அதை உடைத்துத் திறக்காமல் முழுதாக மாற்றிவிடுங்கள்.

ஜே, பி இரண்டையும் பெண், ஆண் என்று பிரிப்பது

கருவியோடு நிலைத்திருக்கும் இணைப்பி ‘ஜே’, அசையும் பக்கத்தில் இருப்பது ‘பி’ (P). ஊசி இருக்கிறதா, துளை இருக்கிறதா என்பதை இந்த எழுத்துகள் சொல்வதில்லை. போர்டில் பற்றவைத்து ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்பியும் ஜே1தான். கேபிள் செய்யச் சொல்லும் முன், சுற்றுப்படத்தை மூடிவைத்துவிட்டு, எந்தப் பக்கத்தில் ஊசி இருக்கிறது என்று கருவியிலேயே பாருங்கள்.