தூரத்துக் கணினி இணையவில்லையா? முதலில் ரவுட்டரிலிருந்து கையை எடுங்கள்

எங்கோ உட்கார்ந்துகொண்டு வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் கணினியைத் திறக்கப் பார்க்கிறீர்கள், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் 'இணைக்க முடியவில்லை' என்று ஒற்றை வரி. உடனே கண்ணில் படும் அமைப்பையெல்லாம் மாற்றத் தொடங்குவதுதான் இதில் முதல் தவறு, மற்ற தவறுகளுக்கெல்லாம் தாயும் அதுதான். ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் காவலை) அணைத்து, ரவுட்டரில் புதிதாக நாலு விதி போட்டு, மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவி, அரை மணி நேரத்தில் பழைய கோளாறு ஒன்று, நாமே புகுத்தியது மூன்று என்று ஆகிவிடும். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரியும்வரை எதையும் தொடாதீர்கள். தேடுவதற்குக் கொஞ்சம் பொறுமை போதும், பெரிய படிப்பு தேவையில்லை.

பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடிவிடுகிறோம், ஆனால் பாதி பதில் அதில்தான் இருக்கிறது. கடவுச்சொல் தவறு என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், இணைய வழி முழுக்கச் சரியாக இருக்கிறது, ரவுட்டர் பக்கமே போக வேண்டாம். இணைப்பு மறுக்கப்பட்டது என்று சட்டென்று வந்தால், உங்கள் கோரிக்கை யாரோ ஒருவரை எட்டிவிட்டது, ஆனால் அந்தப் போர்ட்டில் (ஒவ்வொரு சேவைக்கும் கணினியில் இருக்கும் எண்ணிட்ட வாசலில்) கேட்டுக்கொண்டிருக்கும் நிரல் இல்லை, சேவை நின்றிருக்கலாம் அல்லது போர்ட் எண் தவறாக இருக்கலாம். வெகுநேரம் காத்திருந்து 'நேரம் முடிந்தது' என்று வந்தால், வழியில் எங்கோ விழுங்கப்பட்டிருக்கிறது: கணினி தூங்குகிறது, முகவரி மாறிவிட்டது, அல்லது ஃபயர்வால் சத்தமில்லாமல் தள்ளிவிடுகிறது. இதில் ஒரு நுணுக்கம், விண்டோஸின் ஃபயர்வால் மூடிய போர்ட்டுக்கும் பதில் சொல்லாமல் மௌனமாக இருக்கும் வழக்கம் உடையது. அதனால் விண்டோஸ் கணினியிடமிருந்து மௌனம் வந்தால் சேவை ஓடவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

அதேபோல, பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் சோதனைச் செய்தி) அடித்துப் பதில் வரவில்லை என்றால் கணினி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் தவறு. விண்டோஸில் பிங்குக்குப் பதில் தருவது பல நேரங்களில் இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கும். நமக்குத் தேவை குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்ற தகவல்தான். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையோடு முகவரியும் போர்ட்டும் கொடுத்தால் அது சொல்லிவிடும். தூரத்துக் கணினியைத் திறக்கும் வழிகளில், விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389, கட்டளை வரியில் வேலை செய்யும் எஸ்எஸ்எச்சுக்கு 22, திரையைப் பகிரும் விஎன்சிக்கு வழக்கமாக 5900.

சோதனையை உள்ளிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு கருவியிலிருந்து உள் முகவரிக்கு, அதாவது 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் முகவரிக்கு, இணைத்துப் பாருங்கள். (அங்கே யாராவது இருந்தால் அவரிடம் போனில் சொல்லிச் செய்யச் சொல்லலாம்.) அதுவே வேலை செய்யவில்லை என்றால் இணையத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து மற்ற கணினிகளுக்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் போகலாம், ஆனால் அதற்குள் யாரும் வர முடியாது, புரோ பதிப்பு வேண்டும். இது தெரியாமல் ரவுட்டரோடு மல்லுக்கட்டுபவர்கள் ஏராளம்.

உள்ளே சரியாக வேலை செய்கிறது, அப்புறம் அதே வைஃபையில் இருந்தபடியே வெளி முகவரியை, அதாவது இணையத்துக்குத் தெரியும் உங்கள் வீட்டு முகவரியை, போட்டுப் பார்த்தால் வரவில்லை. பதற வேண்டாம். தன் வீட்டிலிருந்து கிளம்பித் தன் வெளி முகவரிக்கே திரும்பி வரும் போக்குவரத்தைப் பல ரவுட்டர்களால் கையாள முடியாது. போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்றால்தான் அது வெளியிலிருந்து செய்த சோதனை.

இனி உண்மையிலேயே ஆளைப் பைத்தியமாக்கும் விஷயத்துக்கு வருவோம். போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வரும் கோரிக்கையை உங்கள் கணினிக்குத் திருப்பிவிடும் ரவுட்டர் விதி, சரியாகப் போட்டிருக்கிறீர்கள், உள்ளே வேலை செய்கிறது, வெளியிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து, வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று இருக்கும் எண்ணையும், உங்கள் ஐபி என்ன என்று காட்டும் தளம் ஒன்றில் வரும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது. வான் எண் 100.64-இலிருந்து 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் அது இணைய நிறுவனத்தினுடையது. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு, சிஜிநாட் என்பார்கள், அந்த எண் வரிசை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 10 அல்லது 192.168 என்று இருந்தால் அதே ஏற்பாடாகவும் இருக்கலாம், நிறுவனம் கொடுத்த மோடமே ரவுட்டர் வேலையும் பார்த்துக்கொண்டு, அதன் பின்னால் நீங்கள் இன்னொன்றை மாட்டியிருப்பதாகவும் இருக்கலாம்.

இரண்டு ரவுட்டரும் உங்களுடையவை என்றால் ஒன்றை, ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வெறுமனே கடத்திவிடும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றினால் தீர்ந்தது. சிஜிநாட் என்றால் உங்கள் ரவுட்டரில் நீங்கள் எழுதும் எந்த விதியும் பயன்படாது, ஏனென்றால் வெளியிலிருந்து வரும் கோரிக்கை உங்கள் ரவுட்டர் வரைக்கும் வருவதே இல்லை. டைனமிக் டிஎன்எஸ் போட்டாலும் அப்படியேதான். அது மாறும் முகவரிக்கு நிலையான பெயர் கொடுக்கும், அவ்வளவுதான், உங்களுக்கென்று இல்லாத முகவரியை உருவாக்கித் தராது. நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்கலாம், ஐபிவி6 (புதிய, நீளமான முகவரி முறை) இருபுறமும் இருந்தால் அதன் வழியாகப் போகலாம், அல்லது டெயில்ஸ்கேல், ஜீரோடயர் போன்ற நிரல்களை நிறுவிவிடலாம். இவை இருபுறமும் உள்ளிருந்து வெளியே இணைப்பை எடுத்து நடுவில் சந்திக்க வைப்பதால் போர்ட் திறக்கும் வேலையே இல்லை. என்னைக் கேட்டால், முதல் நாளே இந்த வழிக்குப் போய்விடுங்கள் என்பேன்.

சொந்தமாக வயர்கார்டு விபிஎன் (வீட்டு வலையமைப்புக்குள் போகும் மறையாக்கிய பாதை) வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இணையத்தில் 'போர்ட் திறந்திருக்கிறதா' என்று சோதிக்கும் தளங்கள் பெரும்பாலும் டிசிபி என்ற அனுப்பும் முறையை மட்டுமே பார்க்கும், வயர்கார்டோ யூடிபி என்ற வேறு முறையில் ஓடுகிறது, அதுவும் சரியான சாவி இல்லாமல் வரும் எதற்கும் பதிலே சொல்லாது. எனவே எல்லாம் அருமையாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் அந்தத் தளம் 'மூடியிருக்கிறது' என்றுதான் சொல்லும். கடைசி ஹேண்ட்ஷேக் (இருபுறமும் சாவியைச் சரிபார்த்துக்கொள்வது) எப்போது நடந்தது என்று வயர்கார்டிலேயே பாருங்கள். ஹேண்ட்ஷேக் நடந்தும் கணினி கிடைக்கவில்லை என்றால், நீங்கள் இருக்கும் இடத்து வைஃபையும் 192.168.1 வரிசை, அங்கே வீட்டிலும் 192.168.1 வரிசை என்று மோதுகிறதா பாருங்கள். உங்கள் லேப்டாப் அந்த முகவரியைப் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். வீட்டு வரிசையைக் கொஞ்சம் அபூர்வமான எண்ணுக்கு மாற்றினால் தொல்லை விட்டது.

எதுவும் சரிவராத எரிச்சலில் 3389-ஐ நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிட்டு, 'தற்காலிகமாகத்தான்' என்று சொல்லிக்கொள்வது அடுத்த தவறு. அது வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போவதுதான். திறந்த போர்ட்களைத் தேடி அலையும் தானியங்கி நிரல்கள் ஓய்வதில்லை. கொஞ்ச நேரம் கழித்து விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டில் 4625 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள், தோல்வியடைந்த உள்நுழைவுகள் வரிசையாக நிற்கும். போர்ட் எண்ணை 33890 என்று மாற்றிவிட்டால் போதும் என்பதும் ஏமாற்றுதான், கூச்சல் குறையும், ஆபத்து குறையாது. 2019 மே மாதத்தில் வெளியான, ரிமோட் டெஸ்க்டாப்பின் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டையில் கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை. அதன் தீவிரத்தால், 2014-இலேயே ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

கடவுச்சொல் விஷயத்தில் சின்னச் சின்னத் தடங்கல்கள். தினமும் நாலு இலக்கப் பின் எண் போட்டு உள்ளே போகிறவர், ரிமோட் டெஸ்க்டாப்பிலும் அதையே போட்டால் ஏற்காது, அது அந்தக் கருவிக்கு மட்டும் உரியது, கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கு என்றால் விண்டோஸ் இயல்பாகவே வெளியிலிருந்து உள்ளே விடாது.

அப்புறம் தூக்கம். சாதாரணக் காரணம் என்பதாலேயே இதைக் கடைசியில்தான் பார்க்கிறோம். திரை அணைவது வேறு, கணினி தூங்குவது வேறு. முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வையுங்கள், லேப்டாப்பாக இருந்தால் மூடியை மூடினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். தூங்கும் கணினியை வலையமைப்பு வழியாக எழுப்பும் வேக்-ஆன்-லேன் இருக்கிறதே என்றால், அந்த எழுப்பும் செய்தி உள் வலையமைப்புக்குள் பரப்பப்படுவது, இணையம் தாண்டித் தானாக வராது. எப்போதும் விழித்திருக்கும் ஒரு சின்னக் கருவியோ ரவுட்டரோ உள்ளிருந்து அனுப்பினால்தான் உண்டு.

தூரத்தில் இருந்தபடியே ஃபயர்வால் விதிகளையோ நெட்வொர்க் அமைப்பையோ மாற்றுவது உட்கார்ந்த கிளையை வெட்டும் வேலை. ஒரு வரி தப்பினால் இணைப்பு அறுந்துவிடும், திருத்த உள்ளே போக வழி இருக்காது. மாற்ற வேண்டியே இருந்தால், பத்து நிமிடம் கழித்துப் பழைய அமைப்பைத் தானாகத் திருப்பி வைக்கும் வேலை ஒன்றை முதலில் திட்டமிட்டுவிட்டு, அப்புறம் மாற்றுங்கள். மாற்றியபின் பழைய இணைப்பை மூடாமல், இரண்டாவதாக ஒரு புது இணைப்பு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தத் திட்டத்தை ரத்து செய்யுங்கள். வழி ஒன்றுக்கு இரண்டாக வைத்திருப்பதும் நல்லது, விபிஎன் ஒன்று, அது படுத்தால் உள்ளே போக ரஸ்ட்டெஸ்க் போன்ற தொலைக் கட்டுப்பாட்டு நிரல் இன்னொன்று.

இவ்வளவும் சரி என்று கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை பாக்கி. கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அதன் விசைப்பலகையைத் தொடாமல், மொபைல் டேட்டாவிலிருந்து உள்ளே போக முடிகிறதா பாருங்கள். யாராவது உள்நுழைந்தபின்தான் தொடங்கும் நிரலாக இருந்தால் இங்கேயே அகப்பட்டுவிடும், அதைச் சேவையாக நிறுவ வேண்டும். மின்சாரம் போய் வந்தால் தானாக எழுந்திருக்க பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் ஓடும் அடிப்படை நிரலில்) தனி அமைப்பு உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். வட்டைப் பூட்டும் பிட்லாக்கரில் தொடக்கப் பின் எண் வைத்திருந்தால் மட்டும், வேறு ஏற்பாடு செய்யாதவரை, அந்த நீலத் திரையைத் தாண்ட யாராவது நேரில் போய்த்தான் தட்ட வேண்டும்.