மணல் அரித்த கியர் பம்பு

வியாசர்பாடியில் உள்ள எங்கள் பட்டறைக்குச் சுரங்கத் தண்ணீர் இறைக்கும் கியர் பம்பு ஒன்று வந்தது. ஓடுகிறது, தண்ணீர்தான் மேலேறவில்லை. பிரித்தால், கியர்களை இருபுறமும் மூடும் பக்கத் தட்டுகளில் நகம் சிக்கும் ஆழத்துக்கு வட்டக் கீறல்கள். பல் இடுக்கெல்லாம் கறுத்த மணல்.

இந்தப் பம்பில் ஓர் உறைக்குள் இரண்டு கியர்கள் பல்லோடு பல் கோத்துச் சுழலும்; தண்ணீர் பற்களின் பள்ளங்களில் தங்கி, உறையின் ஓரமாகச் சுற்றி வருகிறது. கியர்களுக்கும் உறைக்கும் தட்டுகளுக்கும் இடையே இடைவெளி கூடினால் வந்த வழியே திரும்பிவிடும். எண்ணெயாக இருந்தால் அதன் கெட்டித்தன்மையே இடைவெளியை அடைக்கும், பற்களுக்கு மசகாகவும் இருக்கும். தண்ணீரிடம் அந்த இரண்டும் கிடையாது.

ஆகவே உள்ளே இருக்கும் கியர்கள் ஒன்றையொன்று உரசவே கூடாது என்று முடிவெடுத்தேன். ஷாஃப்டுகளை வெளியே நீட்டி, எண்ணெய்ப் பெட்டிக்குள் இரண்டு ஷாஃப்டுகளையும் ஒரே தாளத்தில் சுழற்றும் தனி டைமிங் கியர் ஜோடி பொருத்தினேன். பேரிங்குகளும் வெளியே போயின. இப்போது உள்ளே பற்கள் தொடாமலே சுழல்கின்றன. பக்கத் தட்டுகளைக் கடினப்படுத்திய எஃகில், கழற்றி மாற்றும்படி செய்தேன். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரின் வேகத்தை பெல்ட் போட்டு 360-க்கு இறக்கினேன். வேகம் குறைந்ததால் குறையும் நீரளவை ஈடுகட்டக் கியர்களையும் உறையையும் அகலமாக்கினேன். மணல் கலந்த நீரில் வேகம்தான் பெரிய எதிரி.

அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து வடிக்கும் ரிலீஃப் வால்வு இல்லாமல் இதை யாரும் ஓட்டவே வேண்டாம். வெளியேற்றும் குழாய் அடைபட்டால் அழுத்தம் ஏறி உறையே பிளந்துவிடும்.