டிரிம் டேப் மாட்டுகிறீர்களா? ஓட்டை போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பந்திங்கில், தோட்டத்து வீட்டு வாசலில் ஒரு தம்பி டிரிம் டேப் மாட்ட 18 அடி பழைய பைபர் போட்டின் பின்பலகையில் டிரில் வைத்துக்கொண்டிருந்தார். போட்டின் முன்பக்க மூக்கை இறக்கவும் சாய்வை நிமிர்த்தவும் பின்பலகையின் அடியில் இரண்டு பக்கமும் மாட்டுகிற, ஏறி இறங்கும் தகடுதான் இந்த டேப். காலடியில் குளியலறைக்கு அடிக்கிற சிலிக்கான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து வருடத்துக்கு முன் அதே சிலிக்கானோடு அதே மாதிரி குந்தியிருந்தவன் நான்.

பேட்டரியைக் கழற்று, கையேட்டைப் படி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். செய்யக்கூடாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஓட்டைக்குள் தண்ணீரை விடுவது

நிறைய பழைய போட்டுகளில் பின்பலகை வெளியே பைபர், உள்ளே பிளைவுட். டேப்புக்கு அடிக்கும் ஸ்குரு எல்லாம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அந்தப் பலகைக்குள் போகிறது. வினிகர் வாடை அடிக்கும் அந்த வீட்டு சிலிக்கான், பைபரின் மேல் இருக்கும் பளபளப்பான ஜெல்கோட் பூச்சில் சரியாகப் பிடிக்காது. அதைவிட மோசம், அது பட்ட இடத்தில் அப்புறம் நல்ல பசையும் ஒட்டாது. எனக்கு இரண்டாவது வருடம் ஒரு ஸ்குரு சும்மா சுற்றியது, கழற்றினால் தேத்தண்ணி நிறத்தில் நீர் வடிந்தது. ஸ்குரு டிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தேன், நல்ல இடத்தில் 'டக்', டேப்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு 'தொப்'. 115 குதிரைச் சக்தி எஞ்சின் 160 கிலோவுக்கு மேல் கனக்கும், அதையும் தாங்குவது அதே பலகைதான். டேப் வாங்கிய காசைப் போல மூன்று மடங்கு கொடுத்துப் பலகையை மாற்றினேன், இன்னும் எரிச்சல் தீரவில்லை.

ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, கெட்டியாகக் கலந்த எப்பாக்சிப் பிசினால் நிரப்பி, காய்ந்தபின் ஸ்குரு அளவுக்குத் திரும்பத் துளைக்க வேண்டும். ஜெல்கோட் வெடிக்காமல் இருக்க விளிம்பைச் சரிவாகச் சீவுங்கள். தண்ணீருக்கு அடியில் நிற்கும் பாலியூரித்தேன் பசையைத் தடவி முடுக்குங்கள். "அண்ணே, நாலு ஓட்டை போட்டுட்டேனே?" என்றார் தம்பி. பரவாயில்லை, ஈரம் முழுக்கக் காயட்டும், அப்புறம் எப்பாக்சி.

விலை பார்த்துச் சின்னதாக வாங்குவது

போட்டின் நீளத்தில் ஒவ்வோர் அடிக்கும், பக்கத்துக்கு ஓர் அங்குல அகலம் என்பது பழைய கணக்கு. 18 அடிக்கு 18 அங்குல அகலம், 9 அங்குல நீளம். எஞ்சினுக்கும் ஓரத்துக்கும் நடுவில் அவ்வளவு இடம் இல்லையென்றால் அகலத்தைக் குறைத்து நீளத்தை 12 ஆக்கலாம். சின்ன டேப் மெதுவாகப் போகும்போது ஒன்றுக்கும் உதவாது, மூக்கு இறங்க வேண்டியதே அப்போதுதான்.

எஞ்சினைத் திருப்பிப் பார்க்காமல் குறி போடுவது

டேப் வரும் இடத்தில் எஞ்சின் இடிக்கிறதா என்று இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

சுவிட்ச் ஒயரை நேராகக் கொடுப்பது

இடது டேப் இறங்கினால் பின்புறத்தின் இடது பக்கம் தூக்கும், வலது மூக்கு தாழும். மூக்கை வைத்துப் பெயரிட்ட சுவிட்சில் வலது பொத்தான் இடது டேப்பைத்தான் இறக்க வேண்டும். ஒயரை நேராகக் கொடுத்துவிட்டு, இடது பக்கம் சாய்ந்த போட்டை நிமிர்த்தப் போய் இன்னும் சாய்த்தவர்களை லங்காட் ஆற்றில் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன்.

பின்னாலிருந்து அலை வரும்போது டேப்பை இறக்கி ஓட்டுவது

முழுக்கத் தூக்குங்கள். மூக்கு அலைக்குள் குத்தினால் ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்காது.